இருபத்தைந்து நிமிஷத்துக்கு ஒரு டெக்

வீடியோ டெக் விற்கிறவளுக்குக் கேள்வி கேட்கும் வாடிக்கையாளரிடம் பயம் கிடையாது. “எல்லாம் தெரியும்” என்று தலையாட்டிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவரைப் பார்த்தால்தான் பயம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தி.நகரில், பனகல் பூங்காவுக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில், காதர் பாயின் டி.வி. கடையில் எனக்கு வேலை. மேற்கு மாம்பலத்திலிருந்து ரயில்வே பாலம் ஏறி இறங்கி நடந்தே வந்துவிடுவேன். வீடியோ டெக்கை இயக்கிக் காட்டுவது, எது எந்த வீட்டுக்குச் சரிப்படும் என்று எடுத்துச் சொல்வது, அப்புறம் வாங்கிக் கட்டிக்கொள்வது, மூன்றும் என் பொறுப்பு. கவுண்டருக்குப் பின்னால் கால் கடுக்க நின்று சிரித்த அனுபவம் உங்களுக்கு இருந்தால், மூன்றாவது வேலை எவ்வளவு பெரியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பதியாத பெட்டி

டெக்கில் இரண்டு ஜாதி. ஒன்று, கேசட்டைப் போட்டால் படம் காட்டும், அவ்வளவுதான். இன்னொன்று, டி.வி.யில் வருவதைப் பிடித்துக் கேசட்டில் பதிந்தும் வைக்கும். பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். விலை மட்டும் ஒட்டாது. அடையாறிலிருந்து வந்த வங்கி அதிகாரி ஒருவரிடம் இதை மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் தலையாட்டினார். மலிவானதை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த திங்கட்கிழமை பெட்டியோடு வந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் மேட்ச். கேசட்டைச் செருகி ஏதோ ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, அது பதிகிறது என்று நினைத்துக்கொண்டு கடைசி ஓவர் வரை பார்த்திருக்கிறார். இது பதிகிற ஜாதியே இல்லை சார் என்று நான்காவது தடவையாகச் சொன்னேன். அவருக்கு என் மேல்கூடக் கோபமில்லை, பெட்டி மேல்தான். “மேடம், அஞ்சு மணி நேரம் நான் அது பக்கத்துலயே உக்காந்திருக்கேன். ஒரு வார்த்தை சொல்லலையே அது!”

நான்காவது நாளும் வந்தவர்

சேஷாத்ரி என்று மந்தைவெளிக்காரர் ஒருவர். ஓய்வு பெற்ற குமாஸ்தா. கையில் ஒரு நோட்டுப் புத்தகம், அதில் நம்பர் போட்ட கேள்விகள். வோல்டேஜ் இறங்கினால் என்ன ஆகும்? கேசட் உள்ளே சிக்கினால் எப்படி எடுப்பது? பாதியில் கரண்ட் போனால் அதுவரை பதிந்தது அழிந்துவிடுமா? பதில் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வார். “வரேம்மா” என்று போய்விடுவார். மறுநாள் புதுக் கேள்விகளோடு வருவார். எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. நான்காவது நாள் பட்டென்று சொல்லிவிட்டேன்: “சார், பொண்ணு பார்க்க வர்றவங்ககூட இத்தனை கேள்வி கேட்க மாட்டாங்க. எடுக்கறதுன்னா எடுங்க.”

அவர் நோட்டை மூடினார். “வர புதன்கிழமை சாயங்காலம் அஞ்சரைக்கு டி.வி.யில என் ஆத்துக்காரி பாட்டு வரதும்மா. ஆறு மாசம் முன்னாடி ஸ்டுடியோவுல போய்ப் பாடிட்டு வந்தா. அப்புறம் தொண்டையில கட்டின்னு ஆபரேஷன் ஆச்சு. கட்டி நரம்போட ஒட்டிண்டிருந்தது. ஆளு பொழச்சுட்டா. குரல் இல்லை. காத்துதான் வரது.” வீட்டில் ஒரு கேசட்கூடவா இல்லை என்று கேட்டேன். பதிந்தால் தப்பெல்லாம் காதில் விழும் என்று முப்பது வருஷமாக எதையும் பதிய விட்டதில்லையாம் அந்த அம்மாள். ஒரே ஒரு தடவை ஒளிபரப்பாகும், இருபத்தைந்து நிமிஷம். அதுதான் இருப்பது எல்லாம்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வெட்கத்தில் வாய் கூடுதலாகப் பேசும் பிறவி நான். டைமர் வைத்த மாடல் ஒன்றை இறக்கி வைத்து, “இது நல்ல பெட்டி சார். நாளும் நேரமும் குறிச்சு வச்சுட்டா தானா ஓடி, ஒரு நொடி விடாம பிடிக்கும். நான் பொறுப்பு” என்றேன். யார் கேட்டார்கள் என்னைப் பொறுப்பேற்கச் சொல்லி? அவர் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “பெட்டி எப்படி இருந்தா என்னம்மா, எனக்கு அந்த இருபத்தஞ்சு நிமிஷம் வேணும்.”

வேர்க்கடலைப் பூச்சி

சேஷாத்ரி பெட்டியை எடுத்துக்கொண்டு போனது வியாழக்கிழமை. எங்கள் கடை மெக்கானிக் அன்றே போய் மாட்டிக் கொடுத்து, கடிகாரமும் டைமரும் வைத்துவிட்டு வந்தார். நானும் நிம்மதியாக இருந்தேன், திங்கட்கிழமை காலை, எங்களிடம் டெக் வாங்கியிருந்த பெசன்ட் நகர் ஸ்டெல்லா வந்து சேரும் வரை. அவர் மகள் பள்ளிக்கூட வினாடி வினாவில் கலந்துகொண்டது முந்தின நாள் டி.வி.யில் வந்தது. குடும்பமே உட்கார்ந்து பார்த்திருக்கிறது, டெக்கும் ஓடியிருக்கிறது. திருப்பிப் போட்டால் மகளைக் காணோம். வேறொரு சானலில் வந்த விவசாய நிகழ்ச்சி முழுசாகப் பதிந்திருக்கிறது.

தப்பு எளிமையானது. டெக் தனக்கென்று தனியாகச் சானல் பிடிக்கும். டி.வி.யில் நாம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருப்போம், அது தன் பாட்டுக்கு இன்னொன்றைப் பிடித்துக்கொண்டிருக்கும். கேபிள் வந்து சானல்கள் கூடிய பிறகு பாதி சென்னை இதில் மாட்டியது. நான் ஸ்டெல்லாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேனே தவிர, நினைப்பெல்லாம் மந்தைவெளியில் இருந்தது. இதை சேஷாத்ரிக்கு நான் சொல்லவே இல்லை. நாற்பது கேள்வி கேட்ட மனிதர் இந்த ஒன்றைக் கேட்கவில்லை. ஸ்டெல்லா கேசட்டை என் முன்னால் வைத்தார். “எம் பொண்ணு நிக்க வேண்டிய எடத்துல ஒருத்தர் வேர்க்கடலைப் பூச்சியப் பத்திப் பேசறாருங்க. நிறுத்தவும் மாட்டேங்கறாரு.”

காலையா மாலையா

அன்று சாயங்காலமே மந்தைவெளிக்கு பஸ் ஏறினேன். சேஷாத்ரி வீடு, மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு முதல் மாடி போர்ஷன். அவர் மனைவி கமலா மாமி கதவைத் திறந்தார். கழுத்தில் தழும்பு தெரியாமல் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். வாங்கோ என்று உதடு சொன்னது, சத்தம் வரவில்லை. கூடத்தில் டெக்குக்குப் பட்டுத்துணி போர்த்தி, மேலே ஒரு முழம் மல்லிகைப்பூ.

சானல் சரியாகத்தான் இருந்தது. அப்பாடா என்று எழுந்திருக்கப் போனவள் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி சாயங்காலம் ஆறேகால். பெட்டியும் ஆறேகால் என்றுதான் காட்டியது, ஆனால் காலை ஆறேகால் என்று. மெக்கானிக் மாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அப்படியே விட்டிருந்தால் அதன் கணக்கில் புதன்கிழமை சாயங்காலம் என்பது நமக்கு வியாழன் விடிகாலை. ஊரே தூங்கும்போது எழுந்து வெறும் புள்ளிகளைப் பதிந்து வைத்திருக்கும். மாமி காபி கொண்டு வந்தார். நடந்ததைச் சொல்லிக் கடிகாரத்தைத் திருத்தினேன். சேஷாத்ரி பட்டுத்துணியை உருவி மடித்து ஓரமாக வைத்தார். “தானா ஓடறதெல்லாம் போறும்மா. பொறுப்புன்னு சொன்னவ நீதானே, புதன்கிழமை நீயே வந்துடு.”

கேரண்டி

புதன்கிழமை மத்தியானம் கடையில் ஈ நுழைய இடமில்லை, கல்யாண சீசன். மூன்று மணிக்கே போக வேண்டும் என்று காதர் பாயிடம் கேட்டேன். வித்த சரக்குக்குப் பின்னாலேயே ஓடினால் கவுண்டரில் யார் நிற்பது என்று சத்தம் போட்டார். நியாயம்தான். விஷயத்தைச் சொன்னேன். கல்லாவை மூடிவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு புதுக் கேசட்டையும் ஸ்டெபிலைசர் ஒன்றையும் எடுத்து மேஜை மேல் வைத்தார். “லலிதாம்மா, பொட்டிக்கு நான் கேரண்டி குடுப்பேன். கரண்டுக்கு அல்லாதான் குடுக்கணும். பாத்துப் போயிட்டு வா.”

வாசலில் காவல்

அவர் வாயைத் திறந்திருக்க வேண்டாம். நாலே முக்காலுக்குக் கரண்ட் போனது. கூடத்தில் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏழெட்டுப் பேர். சித்திரை மாத வெயில். சேஷாத்ரி எழுந்து சுவிட்சைப் போட்டுப் பார்ப்பார், உட்காருவார், மறுபடி எழுந்திருப்பார். மாமி மட்டும் அசையவில்லை, அணைந்த டி.வி.யைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். ஐந்து அடித்தது. ஐந்தே காலும் ஆனது. நான் வேண்டாத தெய்வமில்லை. பொறுப்பு என்று சொன்ன நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது.

ஐந்து இருபத்திரண்டுக்குக் கரண்ட் வந்தது. ஆனால் பல்பு அகல் விளக்கு மாதிரி எரிந்தது. ஸ்டெபிலைசர் டக் டக்கென்று தடுமாறி, ஒருவழியாக நிலைகொண்டது. கரண்ட் போனதில் டெக்கின் கடிகாரம், டைமர் எல்லாம் அழிந்து வெறும் சைபர்கள் மின்னின. கையால்தான் பதிய வேண்டும். கேசட்டைச் செருகினேன், சானலைப் பிடித்தேன். இதற்குள் சேஷாத்ரி சுழல ஆரம்பித்த மின்விசிறியை நிறுத்தினார், ஜன்னல்களைச் சாத்தினார், அடுப்பில் இருந்த குக்கரை இறக்கினார். வோல்டேஜ் பயம், பதற்றம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு என் கவலை.

கீழே காய்கறி வண்டிக்காரரின் குரல் கேட்டதும் சேஷாத்ரி எதிர் போர்ஷன்காரரை வாசலுக்கு அனுப்பினார். அவர் ஓடிப்போய் அரை மணி நேரம் சத்தம் போடாதேப்பா என்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். வண்டிக்காரர் மாடியை அண்ணாந்து பார்த்துக் குரலைத் தாழ்த்திக் கேட்டது, மாடிப்படி வழியாக எங்களுக்கும் கேட்டது. “இன்னா சாமி, வூட்ல யார்னா செத்துப் பூட்டாங்களா?”

சிவப்பு விளக்கு

ஐந்தரைக்கு அறிவிப்பாளர் பெயரைச் சொன்னதும், பதிவதற்கான இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அதன் பிறகு நான் டி.வி.யைப் பார்க்கவே இல்லை, அந்த விளக்கைத்தான் பார்த்தேன். பாட்டு மட்டும் காதில் விழுந்தது. சங்கீதம் எனக்குத் தெரியாது. ஆனால் இந்தக் குரல் இனிமேல் இல்லை என்று தெரிந்துகொண்டு கேட்பது லேசான காரியமில்லை. கூடத்தில் யாரும் விசிறக்கூட இல்லை. ஒருவருக்கு இருமல் வந்து, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அடுக்களைக்கு ஓடினார். வியர்வை கண்ணில் இறங்கியது.

மூன்றாவது பாட்டின் நடுவில் வேறு ஒரு சத்தம் கேட்டது. ஸ்டெபிலைசர் போய்விட்டது என்று பதறித் திரும்பினேன். மாமி பாடிக்கொண்டிருந்தார். டி.வி.யில் பாடிய தன்னோடு சேர்ந்து, தொடையில் தாளம் போட்டுக்கொண்டு. குரல் என்று அதைச் சொல்ல முடியாது, கரகரவென்று காற்று. ஆனால் இடம் தவறவில்லை, அதுவரைக்கும் எனக்கே தெரிந்தது. எல்லோரும் சேஷாத்ரியைப் பார்த்தார்கள். அவர் தடுக்கவில்லை. மாமிக்கே திடீரென்று உறைத்து, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நிகழ்ச்சி முடிந்தது. கேசட்டைத் திருப்பிப் போட்டேன். முதல் வரி கணீரென்று வந்தது. நடுவில் ஓட்டிப் பார்த்தேன், கடைசியிலும் பார்த்தேன்; ஒரு கீறல் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் அழுதேன். மாமி மட்டும் என் பக்கத்தில் வந்து காதோரம் கேட்டார்: “நடுவுல பாடித் தொலைச்சேனே, கெடுத்துட்டேனா?” அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. மின்விசிறி, குக்கர், வாசல் காவல் எல்லாமே அதற்குத்தான். டேப் ரிக்கார்டர் மாதிரி இதுவும் கூடத்துச் சத்தத்தையெல்லாம் பிடித்துக்கொள்ளும் என்று நினைத்திருக்கிறார்கள்.

“ஐயோ மாமி, நீங்க பயப்படவே வேண்டாம். இது டி.வி.யில வர்றதை ஒயர் வழியா நேரா எடுத்துக்கும். இங்க நாம என்ன பேசினாலும் பாடினாலும் அதுல துளிகூட விழாது” என்றேன். கூடமே சிரித்தது. யாரோ மின்விசிறியைப் போட்டார்கள், யாரோ அரை மணி நேர இருமலை இருமித் தீர்த்தார்கள். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி போட உள்ளே போனார். சேஷாத்ரி மட்டும் சிரிக்கவில்லை. அணைந்திருந்த சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். “அப்போ, அவ இன்னிக்குப் பாடினது அதுல கொஞ்சம்கூட விழலையா?”

எட்டு வருஷம் அந்தக் கவுண்டரில் நின்று யார் எதைக் கேட்டாலும் ஏதாவது ஒரு மாடலை இறக்கிக் காட்டியிருக்கிறேன். அவர் அன்று கேட்டதற்கு மட்டும் எங்கள் கடையில் சரக்கு இல்லை.