க்வெரியைக் கையால் எழுதச் சொன்ன ரமணன் அண்ணா

ரமணன் அண்ணா போய்விட்டார்...

காலையில் பழைய ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் அவர் வீட்டில், ஹார்ட் அட்டாக்காம். இன்னும் நம்ப முடியவில்லை.

கண்டியில் நாங்கள் வெப்சைட் செய்த அந்தச் சின்ன ஆபீஸில் அவருக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. தினமும் ஒரே சண்டை.

டேட்டாபேஸிலிருந்து எதை எடுப்பதென்றாலும் அதைக் கேட்கும் கட்டளையை, அந்த க்வெரியை, நாமே எழுத வேண்டும் என்பார் அவர். அதற்குத்தான் ரெடிமேட் கோட் லைப்ரரி இருக்கிறதே, அது எழுதிக்கொள்ளட்டும் என்பேன் நான்.

ஆபீஸில் தொடங்கினால் குட்ஷெட் பஸ் ஸ்டாண்ட் வரை போகும்...

"உள்ளுக்கு என்ன நடக்குதெண்டு தெரியாமல் எப்பிடிப் பிள்ளை நம்புறது?"

"ஏண்ணா, எஞ்சினைத் திறந்து பாத்துட்டா பஸ்ல ஏறுறீங்க?"

"இந்த பஸ்ஸுகளெண்டா பாக்கத்தான் வேணும்!"

சுற்றி நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரிப்பார்.

பன்வில பக்கம் மண்சரிவு வந்த அந்த வாரம்... எங்கள் வீடு இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்கு ரோடு இல்லை, போன் இல்லை. அம்மா எங்கே என்று தெரியவில்லை. என்னைப்போல எத்தனையோ பேர்.

முகாம்களில் இருப்பவர்களின் பெயரை அங்கேயே போனில் பதியவும், வெளியில் இருப்பவர்கள் தேடவும் ஒரு பேஜ் செய்வோம் என்றது அண்ணாதான்.

அன்றைக்கு அவர் வாதாடவே இல்லை.

"உம்மட லைப்ரரியிலயே செய்யும். அதுதான் கெதியா முடியும்."

பின்னேரம் பேஜ் வேலை செய்யத் தொடங்கியது. பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. அம்மாவின் பெயரைத் தேட மட்டும் எனக்குக் கை வரவில்லை. இல்லை என்று வந்துவிட்டால்...

அண்ணா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். "அம்மான்ர பேரைச் சொல்லும்."

"மாரியாயி..."

டைப் செய்தார். பிறகு கத்தினார்.

"இருக்கிறா பிள்ளை! பள்ளிக்கூட முகாமில இருக்கிறா. இஞ்ச பாரும்!"

எனக்கு முன்னால் அவர்தான் அழுதார்.

அடுத்த வாரம் வந்து உட்கார்ந்ததும் முதல் பேச்சே, "அண்டைக்கு அவசரமெண்டு விட்டனான். அதுக்காக நீர் சொல்லுறது சரியெண்டில்லை, ஓம்?"

அவ்வளவுதான். திரும்பவும் சண்டை...

இன்று அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அந்தத் தம்பிய ஒரு தடவகூட நேர்ல பாக்கலயே புள்ள... யாழ்ப்பாணத்துக்கு எப்ப போறோம்?"

ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். அம்மாவும் நானும் வருகிறோம் அண்ணா.