முறிந்த கொக்கிக்குள் பச்சைப் பெயிண்ட்

பாகூர் பக்கத்தில் எங்கள் ஊரிலிருந்து இஞ்சினீயரிங் படித்த முதல் ஆள் என் தம்பி தணிகைவேல். 1971இல் சென்னையில் உலோகவியல் சேர்ந்தான். எட்டாவதோடு நின்ற நான் அந்தச் சொல்லைப் பிழையில்லாமல் எழுத ஒரு வாரம் பழகினேன்.

"இரும்பப் பத்திப் படிக்கக் காலேஜாடா? கொல்லன்கிட்ட வுட்டாப் போதாதா?" என்று ஊரில் கேலி செய்தார்கள்.

கூடப் படித்தவர்கள் பிலாய், ரூர்கேலா உருக்காலைகளுக்குப் போனார்கள். ஒருவர் ஜெர்மனிக்கே போனார். இவன் சென்னையில் ஒரு சோதனைக்கூடத்தில் சேர்ந்தான். முறிந்த அச்சு, வெடித்த பாய்லர் குழாய் எல்லாம் அங்கே வரும். ஏன் உடைந்தது என்று இவன் எழுதித் தர வேண்டும். அவன் எழுத்தைக் கோர்ட்டே கேட்கும் என்று நான் எல்லாரிடமும் சொல்வேன்.

1984இல் நான் சேதராப்பட்டில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை பார்த்தேன். நவம்பர் 20, காலை ஷிப்டு. வார்ப்புப் பெட்டியைத் தூக்கிய கிரேனின் கொக்கி, கழுத்தில் முறிந்தது. கீழே நின்று பொத்தானை அழுத்தி அதை இயக்கிக்கொண்டிருந்த குழந்தைவேல் அங்கேயே இறந்தார்.

அளவுக்கு மீறி எடை தூக்கினார், தப்பு அவருடையது என்று மேனேஜர் எழுதினார். தொழிற்சாலை ஆய்வாளர் கொக்கியைச் சென்னைக்கு அனுப்பினார். அது தம்பியின் மேசைக்குப் போனது.

பத்து நாள் கழித்து அவன் சொல்லாமல் வந்து நின்றான். சாப்பிட உட்காரவில்லை.

"அண்ணே, அந்தக் கொக்கிக்குப் பெயிண்ட் அடிச்சது யாரு?"

"ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் நான்தான்டா அடிப்பேன். இன்னா இப்போ?"

"விரிசலுக்குள்ள பெயிண்ட் இருக்கு. ஓரத்துல அடைச்ச பட்டி மாவு. அதத் தாண்டி செவப்பு. இன்னும் உள்ள பச்ச. விரிசல் வருஷா வருஷம் உள்ள வளந்துருக்கு."

1982இல் சாம்பல், அடுத்த வருஷம் சிவப்பு, 1984இல் பச்சை. எனக்குத் தேதியோடு நினைவிருக்கிறது. சாம்பல் அடிப்பதற்கு முன், கொக்கியின் கழுத்தில் மயிரிழை போல ஒரு கோடு பார்த்தேன். கீறல் என்று நினைத்தேன். பூஜைக்கு வைக்கும் சாமானில் கோடு தெரியக்கூடாதென்று பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அதன்மேல் அடித்தேன். அதைத் தம்பியிடம் சொன்னேன்.

அவன் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"அண்ணன் வேல செய்ற எடம்னு சொல்லி, நான் வெலகிக்கலாம். வேற ஆளு எழுதுவாரு."

"அவரு இன்னா எழுதுவாரு?"

"தெரியல. மேனேஜர் நேத்தே லேபுக்கு வந்துட்டுப் போயிட்டாரு."

"அப்போ நீயே எழுதுடா. பட்டியையும் சேத்து எழுது."

எழுதினான். விரிசல் இரண்டு வருஷத்துக்கு மேல் பழையது, எடை கூடுதல் இல்லை என்று ஆறு பக்கம். விசாரணையில், பட்டி வைத்தது நான்தான் என்று எழுந்து சொன்னேன். கொக்கியை வருஷத்துக்கு ஒருமுறை சோதித்ததாகக் கம்பெனி காட்டிய காகிதங்களை யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. வேலை போனது எனக்கு மட்டும்தான்.

குழந்தைவேலின் மனைவி ருக்குமணி இடுப்பில் குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"அவுரு மேல தப்பு இல்லன்னு ஒங்க தம்பி எழுதிட்டாராமே."

"ஆமாம்மா."

"அந்தக் கோட்ட நீங்க எப்போ பாத்தீங்க?"

"எம்பத்திரண்டு. ஆயுத பூஜைக்கு மொத நாளு."

"எங்க பாப்பா அப்போ பொறக்கவே இல்ல" என்றாள்.