வெள்ளையாகத் தெரிந்த எலும்பு

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழையில், குருபரப்பள்ளி பேருந்து நிறுத்தத்தில் கல்லூரியில் படிக்கும் என் மகள் வழுக்கி விழுந்தாள். சாதாரணமாக விழுந்ததுதான். ஆனால் தொடை எலும்பு குறுக்கே முறிந்துவிட்டது. முந்தைய ஆண்டு கையும் இப்படித்தான் முறிந்திருந்தது. ஓசூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். மறுநாள் அறுவை சிகிச்சை செய்து கம்பி வைப்பதாக முடிவானது.

நான் வார்ப்படத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகன். இரும்பு வார்ப்புகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது என் வேலை. படத்தில் கருப்பு தெரிந்தால் உள்ளே ஓட்டை. சீரான வெள்ளை என்றால் நல்ல வார்ப்பு. மகளின் படத்தையும் அப்படியே பார்த்தேன். முறிவைத் தவிர எல்லாம் வெள்ளை. "எலும்பு கெட்டியா இருக்குது, பயப்படாத" என்று மனைவியிடம் சொன்னேன்.

காலையில் எக்ஸ்ரே பிரிவின் இளம் பெண் மருத்துவர் எங்களை அழைத்து, அறுவை சிகிச்சையைத் தள்ளிவைக்கும்படி தானே சொல்லியிருப்பதாகச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது.

"புள்ள வலியில துடிக்குது மேடம். எலும்புல ஒரு கருப்புகூட இல்லீங்களே. நானும் தினம் படம் பாக்கறவன்தான்."

"இரும்புக்கு அது சரிங்க சார். எலும்புக்கு நடுவுல மஜ்ஜை இருக்கற எடம் கொஞ்சம் கருப்பாத்தான் தெரியணும். இவங்களுக்கு அது அடைஞ்சு போயிருக்கு. கெட்டியா இருக்கும், ஆனா கண்ணாடி மாதிரி ஒடையும். பரம்பரையா வர்றது, ரொம்ப அபூர்வம். நீங்க ரெண்டு பேரும் ஒரு படம் எடுத்துக்கங்க."

மனைவியின் படத்தில் ஒன்றுமில்லை. என் முதுகெலும்பில் ஒவ்வொரு எலும்பின் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் வெள்ளைப் பட்டை இருந்தது. அதே நோய்தான், எனக்கு லேசாக இருக்கிறது என்றார் அந்த மருத்துவர். எனக்கு ஒரு நாளும் எலும்பு முறிந்ததில்லை.

மகளிடம் நானே சொன்னேன். காலில் எடை கட்டிப் படுத்திருந்தவள் தலையை என் பக்கம் திருப்பினாள்.

"அச்சுலயே கோளாறுன்னா வார்ப்பு என்னப்பா பண்ணும்?"

"வாய் மட்டும் எங்கயும் ஒடையல" என்று மனைவி போர்வையை இழுத்துவிட்டாள்.

இந்த நோய்க்குச் சிகிச்சை செய்து பழகிய மருத்துவர் பெங்களூரில் இருந்ததால் அவளை அங்கே மாற்றினோம். அறுவை சிகிச்சை முடிந்து வெளியே வந்தவர், எலும்பில் துளையிடும்போது டிரில் ஒடிந்துவிட்டது என்றார். ஒடியும் என்று தெரிந்து மாற்றுக் கருவிகளை முன்பே எடுத்துவைத்திருந்ததால் வேலை நிற்கவில்லையாம்.

மகள் இப்போது நடக்கிறாள். ஓடக் கூடாது, அவ்வளவுதான். அவள் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்கும்போதெல்லாம், அன்று நான் சண்டை போட்டது அவளை நடக்கவைத்த அந்தத் தாமதத்தோடுதான் என்று நினைத்துக்கொள்கிறேன்.