வலது கை தூக்கிய சாமி

அச்சு மையில கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தா ஒரு வாசனை வரும்... இன்னிக்கும் அது மூக்குல பட்டா சகாயமேரி அக்கா வீட்டு மாடிதான் ஞாபகம்.

தஞ்சாவூர்ல நான் பேப்பர், அச்சுக் கடை போட்ட புதுசு. திருவையாறு பக்கம் ஒரு கிறிஸ்தவக் கோயில் பங்கு. அங்க இருந்த சாமியார் குருப்பட்டம் வாங்கி அம்பது வருஷம். அந்த விழாவுல வீட்டுக்கு ஒண்ணா அவர் படம் கொடுக்கணும்னு பங்குக்காரங்க வந்தாங்க. போட்டோ வேண்டாம்... பழைய பிஷப் படங்கள் மாதிரி கோடு கோடா செதுக்கி அச்செடுத்ததுதான் வேணும்னாங்க. வந்த ஆர்டரை விடுவேனா?

அக்கா மரக்கட்டையில உருவம் செதுக்கறவங்க. மை தடவி பேப்பர்ல ஒத்தினா இடது வலதா மாறிடும். அதனால பங்குக்காரங்க கொடுத்த போட்டோவைத் திருப்பி வரைஞ்சுதான் செதுக்கணும். நான் பண்ணின அவசரத்துல, போட்டோவுல இருந்தபடியே செதுக்கிட்டாங்க.

முன்னூறு படமும் அக்கா வீட்டு மாடியில அடிச்சுக் காயப்போட்ட பிறகுதான் கவனிச்சோம்...

சாமிக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்து ஆறு வருஷம். இடது கையாலதான் ஆசீர்வாதம். படத்துல வலது கை ஓங்கி நிக்குது.

மறுநாள் விழா. வேற கட்டை செதுக்க நேரமில்லை.

"நீயே போய்ச் சொல்லு தம்பி. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை"ன்னாங்க அக்கா.

படங்களைக் கட்டித் தூக்கிக்கிட்டு போனேன். விழாக் கமிட்டிக்காரர் ஒருத்தர், எங்க சாமியைக் கேலி பண்றீங்களான்னு எகிறினார். வேணும்னேதான் அப்படிப் போட்டோம்னு ஒரு பொய், வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டு, தப்பு நடந்துபோச்சு சாமின்னேன்.

சாமி படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். இடது கை விரலால அந்த வலது கையைத் தடவினார்.

"நல்லாத்தாம்பா தூக்கியிருக்கு. டாக்டரால முடியாததை இதைச் செதுக்கின பொண்ணு செஞ்சிருக்கா... இருக்கட்டும். என் ரூமுக்கு ஒண்ணு தனியா கொடு."

திரும்பி வந்து சொன்னதும் அக்கா சிரிச்சாங்க, அழுதாங்க, ரெண்டும்.

இப்ப என் கடையில கம்ப்யூட்டர்தான். படம் திரும்பியிருந்தா ஒரு தட்டு, சரியாயிடும். வியாபாரத்துக்கு அதுதான் நல்லது, ஒளிவுமறைவில்லாம சொல்றேன்.

சாமி போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாச்சு. போன மாசம் அந்த ஊர்ல ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். சுவத்துல வலது கையைத் தூக்கிக்கிட்டு நிக்கிறார்... அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைங்களுக்கு அவரை அப்படித்தான் தெரியும்.