ஆளுக்கு மூணு கிலோ

இன்று காலை என் புருஷன் டிவி முன்னால் உட்கார்ந்து அழுதார். மடியில் எங்கள் இருபது நாள் மகள்.

துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். எர்ணாவூர் லாரி வரிசையில் அரை நாள் நகராமல் நிற்கும் மனிதருக்கு, ஒரு கார் ரேஸ் டிரைவர்தான் தெய்வம். அந்தத் தெய்வம் இன்று ஓய்வை அறிவித்துவிட்டது.

"ஒரு ரேஸு முடியறதுக்குள்ள வேர்த்து வேர்த்தே மூணு கிலோ கொறஞ்சிடுவாரு. அப்பவும் ஸ்டீயரிங்க வுட மாட்டாரு. இன்னா மன்சன் தெரிமா!"

"நானும்தான்யா பதினாலு மணி நேரம் வலியில துடிச்சி மூணு கிலோ கொறஞ்சேன். உன் மடியில கீது பாரு."

அவர் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். அரிசி மணியைவிடச் சின்னதாகக் கால் நகம். அதற்கும் ஒழுங்கான ஓரம். இதைச் செய்தது நான்தான் என்று எனக்கே இன்னும் நம்ப முடியவில்லை.

டிவியை அணைத்தார். பயபக்தியோடு கேட்டார்: "அப்போ நீயும் ரிட்டையர் ஆவுறியாம்மா?"

"ஆமா. இப்பவே அறிவிச்சிட்டேன்."

அடுப்படியிலிருந்து மாமியார் குரல்: "இன்னாது? பேரன் ஒண்ணு பாக்கி கீதே!"

எழுந்து போய், ஆணியில் தொங்கிய புருஷனின் பைக் ஹெல்மெட்டை எடுத்து மாமியார் கையில் கொடுத்துவிட்டேன்.

அடுத்த ரேஸை அவரே ஓட்டட்டும். சரிதானே, தோழிகளே?