தூசியக்காவும் ஒரு ஜாஸ் தட்டும்

ஈரத்துணியை ஒட்டப் பிழிந்து, இசைத்தட்டின் வரிகளோடு வட்டமாக ஒரு தடவை. பிறகு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "இன்னும் இருக்கு" என்று மறுபடியும். கைக்கு வந்த தட்டை இப்படிக் குளிப்பாட்டாமல் அவர் கேட்டதே இல்லை. தூசியக்கா என்பது தம்பி வைத்த பேர். தெருவே அதைப் பிடித்துக்கொண்டது.

மறந்துபோன ஜாஸ் தட்டுகளை மறுபடி அச்சிட்டு விற்பது அக்காவின் தொழில். அதிலும் பெரிய கம்பெனிகள் சீந்தாதவை: வாசித்தவர்களே கைக்காசு போட்டுப் பதிவு செய்து, ஆப்பிரிக்கத் தாளங்களை சாக்ஸபோனோடு மல்லுக்கு நிறுத்திய ஏடாகூடமான ஜாஸ். அடுத்த அறையிலிருந்து தம்பி கத்துவார்: "அக்கா, பாத்திரம் உருளுது, பூனையப் பாரு!"

"பூனை இல்லடா, மேளம். ஒரு கை மூணு, ஒரு கை நாலு. எண்ணித்தான் பாரேன்."

தம்பி எண்ண மாட்டார். கதவைச் சாத்திக்கொள்வார்.

இந்தப் பைத்தியம் பள்ளிக்கூட வயதில் பிடித்தது. மாடியில் குடியிருந்த தபால்காரர் ஞாயிறு மதியம் தவறாமல் ஒரே தட்டைப் போடுவார். கீழே மல்லாந்து படுத்து, கூரை வழியாகப் பாட்டு இறங்கி வருவதை அக்கா கேட்டுக்கொண்டிருப்பார். தபால்காரர் வீடு மாறிப் போனார். தட்டின் பேர்கூடத் தெரியவில்லை. பாதி ஆயுள் தேடிய தட்டு போன வருடம் ஒரு பழைய சாமான் கடையில் அகப்பட்டது. போட்டுக் கேட்டதுமே அழுதுவிட்டார். "விலையக் குறைக்கத்தான் அழறாங்கன்னு நெனச்சேன்" என்கிறார் கடைக்காரர்.

அதைப் பதிவு செய்த மூல நாடா எப்போதோ வெள்ளத்தில் போயிருந்தது. குழுவில் மிஞ்சியவர் சாக்ஸபோன்காரர் ஒருவர்தான். அவர் சம்மதித்தால்தான் மறுபதிப்பு. அக்கா வாரக்கணக்கில் ஹெட்போனும் தானுமாக உட்கார்ந்து, கிடைத்த தட்டையே கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒவ்வொரு கரகரப்பாகத் துடைத்தெடுத்தார். சோதனைக்கு அச்சிட்ட தட்டை எடுத்துக்கொண்டு பெருமையாக அந்த சாக்ஸபோன் பெரியவர் வீட்டுக்குப் போனார்.

பெரியவர் கடைசிவரை கேட்டார். "எல்லாம் சரிம்மா. என் சம்சாரம் எங்க?"

"புரியலையே, ஐயா."

"சுரைக்குடுக்கைக்குள்ள விதையப் போட்டு உருட்டுவா. ரெண்டாவது பாட்டு பூரா அவதான். என்கிட்ட இருந்த தட்டும் வெள்ளத்துல போச்சு, இப்ப அவளும் போய்ட்டா. அவ இல்லாம இது வெளிய வர வேண்டாம்."

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. கூரை வழியாக மேளமும் ஊதலும் இறங்கி வந்தனவே தவிர, விதைச் சத்தம் ஒருநாளும் வந்ததில்லை. "தூசின்னு நெனச்சுட்டேன், ஐயா. இன்னொரு தடவை பண்ணிக் கொண்டு வரேன்."

வீட்டுக்கு வந்து முதலிலிருந்து தொடங்கினார். இந்த முறை, தாளம் தப்பி விழுந்த கரகரப்பை மட்டும் எடுத்தார். சந்தேகம் வந்த இடத்தில் கையே வைக்கவில்லை. இத்தனை நாள் ரசித்த பாட்டைப் பாதிதான் கேட்டிருக்கிறோம் என்ற வெட்கம் வேறு அவரைப் பிடுங்கித் தின்றது.

தம்பி எட்டிப் பார்த்தார். "இன்னும் கரகரங்குதே?"

"இருக்கட்டும்டா."

மறுபடியும் பெரியவர் வீடு. சோபாவில் அவருக்கு இடப்பக்கம் அக்கா, மடியில் கையைக் கோத்துக்கொண்டு. முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது தொடங்கி, விதைகள் உருள்வதற்கு ஒரு கணம் முன்பு, பெரியவர் இடப்பக்கம் திரும்பி, 'ம், வா' என்பதுபோல் தலையசைத்தார். அந்தப் பார்வை அக்காவுக்கானது இல்லை.

அக்கா சத்தமில்லாமல் எழுந்து, அந்த இடத்தை விட்டுத் தள்ளி நின்றார்.