பிறெடி வெட்டிய பாதி

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். பட்டமளிப்புப் படத்தைப் பெரிதாக்கப் போனபோதுதான் கொழும்பு கொட்டாஞ்சேனை ஸ்டூடியோவில் படப்பிடிப்பாளர் பிறெடியைச் சந்தித்தேன். எனக்குப் பின்னால் தெரிந்த மண்டபத்தை உள்ளங்கையால் மறைத்தார்.

“இது உங்களோட போட்டி போடுது தம்பி. வெட்டுவம்.”

வெட்டியதும் முழுப்படத்தை அழித்துவிடுவார். வைத்திருந்தால் மனம் மாறுமாம்.

அந்த வருடம் மாதா கோயில் கலண்டருக்கு மொட்டைமாடியிலிருந்து ஒரு காட்சி எடுத்தார். ஒரு பக்கம் கோயில் கோபுரம், மறுபக்கம் அவர் பிறந்த வீட்டு வரிசை. இடிக்கப்போகும் வரிசை அது. கடைசியாகப் படத்திலாவது இருப்போம் என்று சனம் சுவர்களுக்கு வெள்ளை அடித்திருந்தது. அவர் பிறந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டு நேசம் அக்கா கலியாணச் சேலையோடு வாசலில் நின்றார்.

கலண்டரில் கோபுரம் மட்டும் வந்தது.

“ரெண்டும் இருந்தா கண் எதைப் பார்க்கிறது அக்கா?”

“கோயில் நாளைக்கும் நிக்கும். எங்களைப் பார்க்கட்டுமே!”

வீடுகளை இடித்த பிறகு சனம் முழுப்படத்தைக் கேட்டு வந்தது. பிறெடியிடம் அது இல்லை.

இப்போது அவர் வெள்ளவத்தையில், வெட்ட எதுவுமில்லாத வெள்ளைத் திரைக்கு முன்னால், பாஸ்போர்ட் படம் மட்டும் எடுக்கிறார். நேசம் அக்கா அவரோடு கதைப்பதில்லை.